நூற்று எழுபது

இருபத்து மூன்றாம் எண் பெண்ணை அவள் அப்பா இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வருகிறார், வெளியாள் யாராவது பார்த்தால் ஏதோ விபத்து என்று பதறிப்போவார்கள், இங்கே யாரும் பதறவில்லை, டீ குடிக்கிறவர்கள் டீ குடித்துக்கொண்டேயிருக்கிறார்கள், ஏனென்றால் விளையாட்டு விடுதித் தேர்வு நாளில் இது வழக்கம்தான். ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தால் காலையில் உடம்பு ஒரு சென்டிமீட்டர் நீண்டிருக்கும், எழுந்து நடமாட ஆரம்பித்தால் கொஞ்சம் கொஞ்சமாக அது இறங்கிவிடும் என்பது கூடைப்பந்துப் பெண்களைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்ட வேன்கள், மடக்குக் கட்டில் ஏற்றிய டெம்போ, போர்வைக்குள் விழித்துக்கொண்டே படுத்திருக்கும் பெண்கள். கோவையின் இந்த மைதானத்து வாசலில் காலை ஆறு மணியிலிருந்து வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. விடுதி மாஸ்டர் திலகர் பெயர்களைக் கூப்பிடுகிறார், நான் அளக்கிறேன், அவர் எழுதுகிறார். பெரிய வேலையில்லை. முதுகைக் கம்பத்தில் ஒட்டி நிற்கச் சொல்லி, தலைமேல் கட்டையை இறக்கி, எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். கொண்டை போட்டிருந்தால் அவிழ்க்கச் சொல்ல வேண்டும், குதிகால் எழும்பினால் அதட்ட வேண்டும். நூற்று எழுபது சென்டிமீட்டர் இருந்தால் அந்தப் பெண் நேராக விடுதிக்குள், பந்தைத் தரையில் தட்டத் தெரியாவிட்டாலும் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு நூல் குறைந்தாலும் மைதானத்தில் இறங்கி ஆடிக் காட்ட வேண்டும், அங்கே எட்டு வயதிலிருந்து ஆடுகிற குட்டைப் பிசாசுகள் காத்துக்கொண்டிருக்கும், புதிதாக வந்தவள் தேறவே மாட்டாள். அந்த அப்பா பெண்ணை மெதுவாகத் தரையில் இறக்கி நிறுத்துகிறார், பாத்திரத்தில் எண்ணெய் தளும்பிவிடக் கூடாது என்பதைப் போல. நூற்று அறுபத்தாறு. அவர் என்னைத் திட்டுவது போலப் பார்க்கிறார். நான் என்ன செய்ய, கம்பத்தையா வெட்ட முடியும்.

கையெல்லாம் எண்ணெய். இத்தனை தலையைத் தொட்டாயிற்று, தேங்காய் எண்ணெய், செம்பருத்தி போட்டுக் காய்ச்சியது, பச்சை பாட்டிலில் வருமே நெற்றி குளிர்கிற எண்ணெய், எல்லாம் கலந்து என் உள்ளங்கையில் ஒரு புது வாசனை ஆகிவிட்டது. வருஷத்தில் நான் இன்னொரு மனுஷியைத் தொடுவது இந்த ஒரு நாள்தான் என்று நினைத்தேன், நினைத்தவுடனே சீ என்றிருந்தது, அது பொய்யும்கூட, போன மாதம் பிசியோதெரபி பெண் என் முட்டியைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள், ஆனால் அது அவள் வேலை, அதைச் சேர்த்துக்கொள்ள முடியாது. முட்டி இரண்டும் போய்விட்டது. முப்பது வருஷம் குதித்துக் குதித்துச் சிமெண்ட் தரையில் இறங்கிய முட்டி, வேறென்ன ஆகும். குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடி, நான் தனி. குளிக்கப் போகும்போதெல்லாம் ஒரு யோசனை வருகிறது, வழுக்கி விழுந்தால் என்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழுந்தால் திங்கட்கிழமை பதினொரு மணிக்குத்தான் ஆபீஸில் யாராவது ஜெசிந்தா மேடம் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், அதுவும் என் மேஜையில் ஏதாவது ஃபைல் மாட்டிக்கொண்டிருந்தால்தான். அதனால் வெள்ளிக்கிழமையைவிட ஞாயிற்றுக்கிழமை விழுவது உத்தமம். இப்படிக் கணக்குப் போட்டுவிட்டு எனக்கே சிரிப்பு வந்து, சிரித்தது குளியலறைச் சுவரில் எதிரொலித்து, அந்தச் சத்தத்தில்தான் உண்மையாகவே பயந்தேன். நாற்பத்தொன்பது வயது. ஐந்து அடி பத்து அங்குலம். இவ்வளவு பெரிய உடம்பு விழுந்தால் கீழ்வீட்டில் கேட்காமலா போகும் என்று ஒரு சமாதானம் செய்து வைத்திருக்கிறேன். கீழ்வீட்டில் எப்போதும் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. "மேடம், இருவத்திநாலுங்க," என்கிறார் திலகர். சின்னப் பெண், நெற்றியில் விபூதி, கட்டை இறங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள், ஊசி போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள் போல. நூற்று அறுபத்து மூன்று. கண்ணைத் திற பிள்ள, முடிந்துவிட்டது.

யாரும் என்னைத் தள்ளவில்லை. விடுதிக்கு நானாகத்தான் போனேன், இதை நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. திண்டுக்கல்லில் பள்ளிக்கூடச் சுவரில் கரியால் கோடு இழுத்து, வின்சென்ட் மாஸ்டர் ஒரு மரக்கட்டையை என் தலைமேல் வைத்தபோது, கழுத்தை இழுத்து, வயிற்றை எக்கி, முதுகெலும்பில் ஒவ்வொரு கண்ணியாகக் கெஞ்சிக் கெஞ்சி நீண்டவள் நான்தான். எனக்குப் பதின்மூன்று வயது. கூடைப்பந்து என்றால் என்னவென்று தெரியாது, விடுதியில் தினமும் இரண்டு முட்டை தருவார்கள் என்று தெரியும். எங்கள் வீட்டில் மூன்று முட்டையில் வெங்காயத்தைக் கொட்டி ஆம்லெட் போட்டு ஏழு பேர் தின்போம், அதில் அப்பாவுக்குத்தான் பெரிய துண்டு, அவர் தோல் பதனிடும் ஷாப்பில் நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் நிற்கிறவர். ஆக முட்டைக்காகத்தான் போனேன். முட்டை கிடைத்தது. பொய் சொல்லக் கூடாது, முட்டை கிடைத்தது, பால் கிடைத்தது, ஷூ கிடைத்தது, ரயிலில் படுத்துக்கொண்டு கட்டாக் வரைக்கும் போனேன், லூதியானாவில் பனிமூட்டம் பார்த்தேன், பத்தொன்பது வயதில் வேலை கிடைத்தது. வேலைக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க, எப்ப வந்தீங்க, உக்காருங்க," என்றாள். எனக்குப் பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, வாய் தவறியும் சொல்லவில்லை, ஒரு பெரிய இடத்து மனுஷி வந்தால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள், சாகிற வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாள். சாப்பிடுறீங்களா. தலவலி தேவலயா உங்களுக்கு. என் தங்கை ஃபிலோமினாவை மட்டும் ஏண்டி எருமை என்பாள். அந்த எருமைக்காக நான் எத்தனை ராத்திரி ஏங்கியிருக்கிறேன் என்று ஃபிலோமினாவிடம் சொன்னால் அவள் நம்பமாட்டாள், அவளுக்கு என் வேலைமேல் இன்றைக்கும் பொறாமை. யாரும் என்னைத் தள்ளவில்லை. ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு பெண் இல்லாமல் பழகிப்போகும் என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. யாருக்குத் தெரிந்திருக்கும், அவர்களும் என்னைத்தான் முதன்முதலாக அனுப்பினார்கள்.

சுகந்தி இருந்தாள். அவளை நினைத்தால் மட்டும் இந்த யோசனை கொஞ்சம் நிற்கும். பதினோரு வருஷம் ஒரே அணி, அவள் பந்தைக் கொண்டுவருகிறவள், நான் ரிங்குக்கு அடியில் நிற்கிறவள். என்மேல் எதிர் அணிக்காரிகள் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி முழங்கையால் விலாவில் குத்துவாள், இன்னொருத்தி நடுவர் பார்க்காதபோது பனியனைப் பிடித்து இழுப்பாள், இதற்கு நடுவில் எனக்கு ஓரடி இடம் ஒரு நொடி கிடைக்கும், அந்த நொடியில் சுகந்தி வேறெங்கோ பார்த்துக்கொண்டு பந்தை விடுவாள், அது என் கைக்கு வந்து சேரும். என்னைப் பார்க்காமலே நான் எங்கே இருப்பேன் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அது சிநேகிதமா வேறெதுவுமா என்று யோசித்ததில்லை, யோசிக்க நேரமில்லை, ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள், மகன் பல் டாக்டருக்குப் படிக்கிறான். பழைய அணிக்காரிகள் நாங்கள் பதினோரு பேரும் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறோம், நெட்டைக் கொக்குகள் என்று பெயர், வைத்தது நான்தான். தினமும் யாராவது ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிறார்கள், நான் கட்டைவிரல் போடுகிறேன். எப்படி இருக்கே பிள்ள என்று சுகந்தி கேட்டால் சூப்பர் என்கிறேன். அவளுக்கு இப்போது நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை, தெரிந்திருந்தால் சூப்பரை நம்பியிருக்க மாட்டாள். கல்யாணத்துக்கு என்னை இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். இரண்டாவது ஆள் நல்லவர்தான், சேர்ந்து போட்டோ எடுக்கலாம் என்றபோது மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியிருக்கலாம். அடக்கியிருந்தால் இந்நேரம் குளியலறைக்கு வெளியே ஒரு ஆள் இருந்து, இன்னுமா குளிக்கிறே என்று கதவைத் தட்டியிருப்பார். வேண்டாம், அந்தக் கதையை இப்போது எடுத்தால் இருபத்தைந்தாம் எண்ணைத் தப்பாகப் படித்துவிடுவேன். நூற்று அறுபத்தேழு. எழுதிக்கங்க திலகர்.

எங்கள் காலத்தில் பெண் நெட்டையாக வளர்ந்தால் மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்று பெற்றவர்கள் தலையில் கைவைத்தார்கள், இப்போது அதே பெற்றவர்கள் வாயெல்லாம் பல்லாக இருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி, அதே கோட்டாவில் வேலை, இது இப்போது பால்காரர் வரைக்கும் தெரிந்த விஷயம். உயரட்டும் என்று பெண்களைக் காலையும் மாலையும் கம்பியில் தொங்கவிடுகிறார்கள், ஒருத்தியின் உள்ளங்கையைப் பார்த்தேன், காய்த்துப்போய்க் கொத்துவேலை செய்கிறவள் கை மாதிரி இருந்தது. பள்ளிக்கூட வாசலில் சில மாஸ்டர்கள் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை, கூட்டிக்கொண்டு போக வருகிற அம்மாவையும் அப்பாவையும் பார்க்கிறார்கள், இரண்டும் நெட்டையாக இருந்தால் பின்னாலேயே போய் விலாசம் கேட்கிறார்கள். வரும் வழியில் சிக்னலில் கொய்யா விற்கிற ஆள் அமெரிக்க அணியின் கையில்லாத பனியன் போட்டிருந்தார், முதுகில் யாரோ ஒரு ஆட்டக்காரரின் பெயர், யார் என்று கேட்டேன், "தெரியலீங்க, காத்தோட்டமா இருக்குது," என்றார். எனக்குக் கொள்ளைச் சிரிப்பு. அப்படி ஊர் முழுக்கக் காற்றோட்டமாகப் பரவிவிட்டது இந்த ஆட்டம், நாங்கள் அரைக்கால் சட்டை போட்டதற்குக் கோயில் திருவிழாவில் கல்லெறிந்த அதே ஊரில் இன்றைக்கு வைர வியாபாரி பெயரில் சுழற்கோப்பை நடக்கிறது, பெண்கள் ஆட்டத்துக்கும் கூட்டம் வருகிறது. நல்லதுதானே. நல்லதுதான். நான் ஏன் இதைச் சந்தோஷமாகச் சொல்ல மாட்டேன் என்கிறேன். முட்டையைத் தின்றுவிட்டு விடுதியைக் குறை சொல்கிறேனோ. வேலையும் ஓய்வூதியமும் வேண்டும், தனிமை மட்டும் வேண்டாம் என்றால் எப்படி, அதுவும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், நான்தான் பிரித்துப் பார்க்கவில்லை.

"இருவத்தியேழு, கனிஷ்கா, நெகமம்," என்று கூப்பிடுகிறார் திலகர், கூப்பிட்டுவிட்டு எழுந்தே நின்றுவிடுகிறார், ஏனென்றால் வாசலில் நின்ற பழைய ஆம்னி வேனிலிருந்து இறங்கி வருகிற பெண் இதுவரை வந்த எல்லாப் பெண்களையும்விட உயரம். பன்னிரண்டரை வயதாம். அவள் அப்பா மயில்சாமி அவளுக்கு நாலடி முன்னால் வருகிறார், கல் முள் கிடந்தால் அகற்றுகிறவர் போல, கையில் ஒரு தலையணை, அதைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டார். தொளதொளவென்று கறுப்புப் பேண்ட், மேலே பள்ளிக்கூடப் பனியன். "அப்பிடியே மெதுவா வா சாமி, குதிக்காத," என்கிறார். அவள் ஒன்றும் குதிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டுக் கம்பத்தடியில் வந்து நிற்கிறாள். நான் கட்டையை இறக்குகிறேன். நூற்று எழுபது புள்ளி ஆறு. அட. இன்றைக்கு முதல் நூற்று எழுபது. வாயைத் திறந்து எண்ணைச் சொல்லப் போனவள் நின்றுவிட்டேன். கட்டை தலையில் உட்கார்ந்த விதம் சரியில்லை, கீழே அழுத்தினால் கொஞ்சம் இறங்குகிறது, எலும்பு அப்படி இறங்காது. குனிந்து பார்த்தேன். குதிகால் தரையில்தான் இருக்கிறது. பேண்ட் துணி முட்டிக்கு நேரே லேசாக முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது. எதிராளி குதிக்கப் போகிறாளா இல்லையா என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது, முட்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், முப்பது வருஷம் நான் முட்டிகளைப் பார்த்து ஆடியவள், தொளதொளப் பேண்டெல்லாம் என்னிடம் செல்லாது. இவள் முட்டியை மடக்கிக்கொண்டு நிற்கிறாள்.

பன்னிரண்டு வருஷமாக அளக்கிறேன். எக்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன், காலுறைக்குள் அட்டை வைத்தவர்களை, கூந்தலுக்குள் ரப்பர் வைத்துத் தைத்த அம்மாவை, மூச்சைப் பிடித்து மயங்கி விழுந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். குறைந்து நின்றவளைப் பார்த்ததில்லை. முதலில் வந்தது எரிச்சல்தான், ஒழுங்கா நில்லு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, இத்தனை பேர் ஒரு சென்டிமீட்டருக்கு உயிரை விடுகிறார்கள், உனக்குச் சும்மா கிடைத்திருக்கிறது, கொழுப்பா என்று. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. கெஞ்சவில்லை. நேராக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், தொடை நடுங்குகிறது, மடக்கிய முட்டியோடு அசையாமல் நிற்பது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு வழி இருப்பது எனக்கு ஏன் தோன்றவில்லை. பதின்மூன்று வயதில் என் மூளைக்குள் நீளத்தான் வழி இருந்தது. ஆனால் எனக்குத் தோன்றியிருந்தால் மடக்கியிருப்பேனா, மாட்டேன், எனக்கு முட்டை வேண்டியிருந்தது. அப்படியானால் இவளுக்கு என்ன வேண்டியிருக்கிறது. கேட்க முடியாது, மூன்றடியில் திலகர், பத்தடியில் அப்பா. நூற்று எழுபது புள்ளி ஆறு என்று சொன்னால் போதும், என் வேலை முடிந்தது, கம்பம் சொன்னதைத்தான் சொன்னேன், நான் பொய் சொல்லவில்லை, அடுத்த வாரம் இவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு விடுதிக்குப் போவாள், பத்து வருஷத்தில் இந்தியாவுக்கு ஆடினாலும் ஆடுவாள், ஐந்து அடி எட்டு அங்குலத்துக்குப் பன்னிரண்டரை வயதில் வந்தவள் இன்னும் எங்கே போய் நிற்பாளோ. அதை நான் கெடுக்கலாமா. நான் யார். தனியாக இருக்கிறவள் எல்லோரையும் தனியாகத்தான் பார்ப்பாள், இவள் கலகலவென்று இருக்கலாம், இவளுக்கும் ஒரு சுகந்தி கிடைக்கலாம், கிடைத்து மஸ்கட் போகாமல் இருக்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும், இன்றைக்கு அழும், ஒரு மாதத்தில் பழகிவிடும். ஆமாம், பழகிவிடும். அதுதான். நான் பழகிவிட்டேன், வீடும் பழகிவிட்டது.

"எவ்வளவுங்க மேடம்?" என்கிறார் திலகர், பேனாவைத் தூக்கிக்கொண்டு. அவர் கண்ணெல்லாம் பளபளவென்றிருக்கிறது, நல்ல பெண் கிடைத்தால் அவருக்கும் பெயர்.

"இருங்க, கட்டை சரியா உக்காரல," என்கிறேன். கட்டையைச் சரிசெய்கிற சாக்கில் அவள் காதருகே குனிகிறேன். தேங்காய் எண்ணெய், கொஞ்சம் வேர்வை. என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்கிறது. "பத்தல கண்ணு. இன்னும் கொஞ்சம் மடக்கு."

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு முட்டி மெதுவாக முன்னால் வந்தது.

"நூத்தி அறுவத்தொம்போது புள்ளி ரெண்டு."

திலகர் பேனாவைக் கீழே போட்டார். "அய்யோ, பாக்க அத்தனை ஒசரமா இருந்துச்சேங்க." மயில்சாமி அதற்குள் மேஜைக்கு வந்துவிட்டார், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கோபமில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது, கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன். "மேடம், வீட்ல அளந்தப்ப நூத்தி எழுவத்திரண்டு இருந்துச்சுங்களே. படுக்க வெச்சுத்தானுங்க கூட்டியாந்தேன். வேகத்தடை வந்தா நிறுத்தி நிறுத்தி ஏத்துனனுங்க, ஆட்டங்குடுத்துருமோன்னு. இன்னொருக்கா அளந்து பாருங்க மேடம். எங்கூட்டு வாசக்கால் இவ நெத்தியில இடிக்குதுன்னு போன தை மாசம் பேத்து எடுத்து ஒசத்தி வெச்சனுங்க. கொத்தனாரு சிரிச்சாரு, ஊட்டுக்குள்ள யானையா கட்டப் போறீங்கன்னு. அத்தனை ஒசரமுங்க இவ. நீங்களே சொல்லுங்க."

ஒரு தடவை மறுபடி அளக்கலாம் என்று விதி இருக்கிறது. திலகர் என்னைப் பார்த்தார், அளந்துதான் ஆக வேண்டும். எனக்கு அந்த வாசக்காலைத் தாண்டி யோசனை நகரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நான் இடித்துக்கொண்டபோதெல்லாம் அப்பா பாசமாகத்தான் சொல்வார், குனிஞ்சு வாம்மா என்று. நானும் குனிந்து போனேன். வேறு என்ன செய்திருக்க முடியும், வாடகை வீடு. ஆனால் ஒரு மனிதன் மகளுக்காகச் சுவரை இடித்திருக்கிறான், செங்கல்லைப் பெயர்த்து, மழை பெய்தால் ஒழுகுமே என்றுகூட யோசிக்காமல். அந்த வீட்டிலிருந்து இவள் எதற்கு வர வேண்டும். இவளை அனுப்பிவிட்டு அந்த உயர்த்தின வாசலில் அவர் எப்படிப் போய் வருவார். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன், நாற்பத்தொன்பது வயதில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்மேல் அப்படி ஒரு பொறாமை. பொறாமையில்தான் கெடுக்கிறேனா. இருக்கலாம். இருந்தாலும் கெடுக்கத்தான் போகிறேன் என்றும் தெரிந்தது. "வாங்க, நீங்களும் பாருங்க," என்று நானே அவரைக் கூப்பிட்டேன், கூப்பிட்ட பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவர் இரண்டடியில் வந்து நின்றுவிட்டார். திலகரும் எழுந்து வந்தார். நான் கம்பத்துக்கும் அவர்களுக்கும் நடுவே போய்க் கால்களை அகட்டி நின்றேன். ஆட்டத்தில் இதற்கு ஸ்க்ரீன் என்று பெயர், தடுக்க வருகிறவளின் வழியில் ஒரு சுவர் மாதிரி அசையாமல் நின்றுகொள்வது, நம் ஆள் அந்த மறைவில் போய்விடுவாள். உடம்பு பெரிதாக இருந்தால்தான் நன்றாக வரும். என் தோளுக்கு மேலே தெரிகிற கட்டையையும் எண்ணையும் அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும், என் இடுப்புக்குக் கீழே நடப்பது யாருக்கும் தெரியாது. சுகந்திக்காக ஆயிரம் தடவை நின்றிருக்கிறேன். முட்டி இரண்டும் சுள்ளென்று வலித்தது, நகரவில்லை. கட்டை இறங்கியது. அவள் என் தோளில் மூச்சு படும் தூரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள்.

"நூத்தி அறுவத்தெட்டு புள்ளி ஒம்போதுங்க," என்று அவரே படித்தார். குரல் இறங்கிப்போயிற்று.

"சில நாளைக்கு அப்படித்தான் சார் ஆகும்," என்றேன். "வளர்ற பிள்ளைதானே."

"ஆமாங்க. அதுக்கென்னங்க, நீங்க என்ன பண்ணுவீங்க." தலையணையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார், பிறகு எனக்குக் கும்பிடு போட்டார், அதை நான் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. "கெரவுண்டுல ஆடிக் காட்டணுமாமா? இவுளுக்கு பந்தே புடிக்கத் தெரியாதுங்க. வா சாமி, போற வழில கெணத்துக்கடவுல இட்லி சாப்புட்டுப் போலாம்." அவர் முன்னால் நடந்தார். முதுகைப் பார்க்க முடியவில்லை, கட்டையைத் துணியால் துடைத்தேன், அதில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் துடைத்தேன். அவருடைய கனவை ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராக நான்தான் தின்றிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் நாளைக்கே இது தெரியவரலாம், இருபது வயதில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, யாரோ ஒரு நெட்டைக் கிழவி காதில் சொன்னாள், கேட்டுத் தொலைத்தேன் என்று. சபிக்கலாம். சபித்தால் அது நியாயம்தான். திலகர் அடுத்த பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கனிஷ்கா செருப்பை மாட்டப் போனவள் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இப்போது முழு உயரத்தில் நின்றாள். என் கண்ணுக்கு நேரே பார்க்கிற பெண்களைப் பார்த்து ரொம்ப நாளாகிறது, இவள் கண் அனேகமாக அங்கே வந்துவிட்டது. நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ அப்பா வேன் கதவைத் திறந்துவிட்டாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அப்பா அடுத்த வருசமும் கூட்டியாருவாருங்க," என்றாள். "அப்பவும் நீங்கதான் அளப்பீங்களா?"

அடுத்த வருஷம் இவள் நூற்று எழுபத்தேழு இருப்பாள், அவ்வளவுக்கு மடக்க முடியாது, அந்தக் கணக்கை நான் அவளிடம் சொல்லவில்லை. அடுத்த வருஷம் நீ எங்கே இருப்பாய் என்று என்னிடம் யாராவது கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

"நான்தான்," என்றேன். அவள் போகாமல் நின்றாள், அது போதவில்லை போல. "கண்டிப்பா இருப்பேன்," என்றேன்.